அவசரமில்லாதவர்கள் பட்டியல்

நாகராசு மாஸ்டர் சமைக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். ஆலங்குடியைச் சுற்றிப் பத்து ஊர்க் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவர்தான் சமையல். கொதிக்கிற அண்டாவின் ஆவியைக் கையால் மூக்குப் பக்கம் தள்ளி மோந்துவிட்டு, "இன்னும் ரெண்டு கை உப்பு" என்பார். அதற்கு மேல் ஒரு கல் உப்பு வேண்டும் என்று அவர் ஊரான இலுப்பக்காட்டில் எவனும் சொன்னதில்லை. கடைசிப் பந்தி எழுந்து எலை எடுத்த பிறகுதான் அவர் சாப்பிட உட்காருவார். அதை நின்று பார்க்க அங்கே ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். ஆகவே, அவர் தொண்டைக்குள் ஒன்று வந்து உட்கார்ந்த சங்கதி ஊருக்குத் தெரியாமல் போனதற்கு அவருடைய தொழில் திறமையே முதல் காரணம்.

கண்டுபிடித்தவள் அவர் பெண்டாட்டி அமுதவல்லி. 2020 மாசியில் ஒரு மத்தியானம், கோழி தண்ணி குடிக்கிறாற்போல அவர் கழுத்தைத் தூக்கித் தூக்கிச் சோற்றை இறக்குவதைப் பார்த்தாள்.

"என்னங்க, விக்குதா?"

"விக்கல. நெஞ்சுக்கிட்ட வந்து நின்னு கொஞ்சம் யோசிச்சுட்டுப் போகுது."

"சோறு என்னத்தங்க யோசிக்கும்?"

"எங்கிட்ட ஏன் கேக்குற? ஆக்குனவ நீ."

ஆலங்குடியில் ஒரு டாக்டர் ரோஸ் கலரில் ஒரு டானிக்கு எழுதிக்கொடுத்துக் கேஸ் என்றார். மூன்று வாரம் குடித்தும் கேஸ் அசையவில்லை. பிறகு அவரே, "வாய் வழியா வெளக்கு வச்ச டியூப் விட்டுப் பாத்துருவோம், எண்டோஸ்கோப்பி" என்று டவுனுக்கு வெளியே இருக்கிற டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அங்கே மார்ச் இருபத்தாறு என்று தேதி கொடுத்தார்கள். இருபத்தஞ்சாம் தேதி நாட்டையே மூடிவிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது என்று அமுதவல்லிக்குப் புரிவதற்கு ரொம்ப நாள் ஆனது.

பஸ் இல்லை. மொபெட்டில் போனார்கள். வழியில் ஒரு போலீஸ்காரர் சீட்டைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "வண்டியில ரெண்டு பேரு போகக் கூடாது" என்றார். அமுதவல்லி இறங்கி, போலீஸ்காரர் கண்ணுக்கு மறையும் வரை நடந்து, மறுபடி ஏறிக்கொண்டாள்.

எண்டோஸ்கோப்பி அறையில் பூட்டுத் தொங்கியது. பூட்டுக்கு மேலே ஒரு வெள்ளைத்தாள். அதற்குப் பக்கத்தில் மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு அடைக்கலமேரி என்ற நர்சம்மா நின்றிருந்தாள்.

"சிஸ்டர், இன்னைக்குத் தேதி குடுத்துருக்கு. ராத்திரியிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம வந்துருக்காரு."

"தெரியும்மா. டியூப் விட்டா இருமுவாங்க, எச்சி தெறிக்கும். அவருக்குக் கொரோனா இருந்துச்சுன்னா ரூமுல நிக்கிற அத்தனை பேருக்கும் வந்துரும். எங்களுக்குப் போட்டுக்க அந்த டிரெஸ் இன்னும் வரல. மழைக்கோட்டு வாங்கி வச்சுருக்கோம், அதையும் அவசரத்துக்குத்தான் மாட்டணும்னு உத்தரவு. ரத்த வாந்தி எடுத்தாரா?"

"இல்லீங்க."

"வெளிக்குக் கருப்பாப் போகுதா?"

"இல்லீங்க."

"அப்ப அவசரமில்ல."

ரத்த வாந்தி எடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்ட குற்றத்துக்காக நாகராசு தலையைக் குனிந்துகொண்டார். அடைக்கலமேரி போன் நம்பரை எழுதிக்கொண்டாள். "நாங்களே கூப்புடுவோம் ஐயா, வெயிலாகுறதுக்குள்ள போங்க" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. நல்ல பொம்பளைதான். பின்னாளில் அமுதவல்லிக்கு அதுவே பெரிய இடைஞ்சலாக இருந்தது. கெட்டவர்களைத் திட்டுவது எவ்வளவோ சுலபம்.

சித்திரையில் சோறு போய்க் குழைசோறு வந்தது. வைகாசியில் குழைசோறு போய்க் கஞ்சி வந்தது. கல்யாணங்கள் எல்லாம் நின்றுபோனதால் அண்டாவும் கரண்டியும் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தன. அமுதவல்லிக்கு மட்டும் வேலை இருந்தது. கஜாப் புயல் விட்டுவைத்த முந்திரி மரங்கள் அந்த வருஷம் நன்றாகக் காய்த்திருந்தன. கொட்டை எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்று உள்ளங்கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு, வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டித் தட்டிப் பருப்பை முழுசாக எடுப்பாள். ஒரு பருப்பு உடைந்தாலும் வியாபாரிக்கு முகம் கோணும். எதிரில் நாகராசு உட்கார்ந்து உடைந்த கொட்டைத் தோடு பொறுக்குவார். கொஞ்சம் உடைந்த பருப்பை ஊறவைத்துப் பாலாக அரைத்துக் கொடுத்தாள். அது இறங்கியது. இறங்கிய அன்று அவளுக்குத் திருவிழா.

"நாமளே போன் போட்டுக் கேப்போமா?"

"ஊரே செத்துக்கிட்டுருக்கு, நான் போயி எனக்குச் சோறு எறங்கலன்னு நிக்கவா? கூப்புடுறேன்னாங்கல்ல."

ஆனி மாசம் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட நேரம்தான் சரியில்லை.

அன்றைக்கு மகள் சிவரஞ்சனியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கறம்பக்குடிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கும் சிவசாமி வீட்டார். பையன் சிங்கப்பூரில் வேலை. லீவில் வந்தவன் திரும்பிப் போக ஃபிளைட் இல்லை. மாப்பிள்ளை ஓடிப்போக வழியில்லாமல் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்பது சிவசாமியின் கணக்கு. ஆறு பேரும் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பஜ்ஜியில் நாகராசுவின் போன் அடித்தது. அந்தப் போனில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கர் மட்டும் ஊருக்கே கேட்கும்.

"டிரஸ்ட் ஆஸ்பத்திரி எண்டோஸ்கோப்பியிலேருந்து அடைக்கலமேரி பேசுறேன் ஐயா. நிலுவையில இருக்குறவங்கள லிஸ்ட்டுப் பிரிக்கிறோம். நாலு கேள்வி. சாப்பாடு எறங்குதா?"

சிவசாமியின் கையில் இருந்த பஜ்ஜி பாதி வழியில் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா சிவரஞ்சனியைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாகராசுவைப் பார்த்தாள்.

"நல்லா எறங்குதுங்க" என்றார் நாகராசு.

"கட்டியா சாப்புடுறீங்களா, தண்ணியாத்தான் போகுதா?"

"எல்லாந்தான். இந்தா, இப்பக்கூட பஜ்ஜிதான் தின்னுக்கிட்டுருக்கேன்."

"எடை கொறஞ்சுருக்கா?"

பொண்ணு பார்க்கிறார்கள் என்று போட்ட வெள்ளைச் சட்டைக்குள் அவர் ஒரு ஓரமாகக் குடியிருந்தார். "வேலவெட்டி இல்லாம உக்காந்து தின்னு கூடித்தான் போச்சுங்க."

"வீட்டம்மா இருந்தா குடுங்க ஐயா." போன் கைமாறியது. "ஏம்மா, நெசமாவே நல்லா சாப்புடுறாரா?"

அமுதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் ஆறு தலை. கதவோரம் தலைகுனிந்து மகள். சபையில் புருஷன் ஒன்று சொன்ன பிறகு பெண்டாட்டி வேறு சொன்னால், பொய் சொன்ன வீடு, சீக்கு வீடு என்று இரண்டு பெயரும் ஒரே நாளில் வந்துவிடும்.

"சாப்புடுறாருங்க" என்றாள்.

"சந்தோஷம்மா. அப்ப மூணாவது லிஸ்ட்டுல போடுறேன். அவசரமில்லாதவங்க லிஸ்ட்டு. வரிசைப்படி கூப்புடுவோம். பத்திரமா இருங்க."

சிவசாமி பஜ்ஜியை மீண்டும் கடித்தார். "என்னங்க மாஸ்டரு, ஆஸ்பத்திரியிலேருந்தெல்லாம் போனு வருது?"

"கேஸுதாங்க. எப்பவோ ஒரு தேதி குடுத்துருந்தாய்ங்க."

"அட, கேஸு யாருக்குத்தான் இல்ல? எங்கிட்ட இருக்குறதுக்கு ஒரு அடுப்பையே எரிக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். சொன்னதை நிரூபிக்கிறாற்போல நாகராசு ஒரு முழுப் பஜ்ஜியைத் தின்றார். மேலே கேசரியும் தின்றார். வந்தவர்களை வண்டி ஏற்றி, கை கூப்பி, வண்டி திரும்பி மறையும் வரை நின்றார். பிறகு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஓடினார். பஜ்ஜி, மென்ற பஜ்ஜியாகவே திரும்பி வந்தது. அமுதவல்லி செம்பில் தண்ணியோடு நின்றாள்.

"ஏங்க இப்புடி? அந்தம்மாவே கூப்புட்டுக் கேக்குது, நல்லா எறங்குதுன்னு சொல்றீங்களே!"

"நீயுந்தான சொன்ன?"

"நீங்க சொன்னதுக்கப்பறம் நான் மாத்திச் சொல்லவா? நல்லாருக்கு ஞாயம்!"

"கத்தாத. நாளைக்கு நாமளே போனப் போட்டு நெசத்தச் சொல்லிருவோம். எங்கிட்டுப் போயிறப்போறாங்க."

மறுநாள் போட்டாள். முதலில் இருமலோடு ஒரு குரல் வந்து கைகழுவச் சொன்னது. அது முடிந்ததும் லைன் எங்கேஜ். ஒன்பதாவது தடவை ஒரு ஆண்குரல் எடுத்தது.

"அடைக்கலமேரி சிஸ்டரக் கொரோனா வார்டுக்கு மாத்திட்டாங்கம்மா. என்ன விஷயம்?"

"நேத்து நாங்க தப்பாச் சொல்லிட்டோங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எறங்கல. லிஸ்ட்டுல மாத்திப் போடணும்."

"லிஸ்ட்ட நாங்க மாத்த முடியாதும்மா. டாக்டர் எழுதணும்."

"டாக்டர எங்க பாக்குறது?"

"ஓ.பி.யில."

"ஓ.பி. எப்பங்க?"

"ஓ.பி. மூடியிருக்கும்மா."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த மனுஷன் கோபமாகவும் பேசவில்லை. அமுதவல்லி பன்னிரண்டு நாள் அந்த நம்பருக்கு அடித்தாள். பன்னிரண்டு நாளும் அந்த வட்டத்திலேயே மரியாதையாகச் சுற்றிவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஆலங்குடி டாக்டரிடம் போனால் அவர் கிளினிக்கைச் சாத்திக்கொண்டு மதுரையில் மகன் வீட்டில் இருந்தார். ஆனால் டானிக்கு மட்டும் கடையில் தாராளமாகக் கிடைத்தது.

ஆவணியில் ஐம்பது பேரை வைத்துக் கல்யாணம். என் மக கல்யாணத்துக்கு வேற எவன் கரண்டி பிடிக்கிறது என்று நாகராசு ஒரே பிடியாக நின்றார். நிற்க முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்டாவை நோக்கிக் குனிய முடியவில்லை. ஆள் வைத்து முறத்தால் ஆவியை அவர் பக்கம் வீசினார்கள். "ரெண்டு கை" என்றார். சிவசாமி கையைக் கழுவிவிட்டு வந்து, "சம்பந்தி, என் வாழ்க்கையில இப்புடி ஒரு சாம்பார் தின்னதில்ல" என்றார். சம்பந்தி அந்தச் சாம்பாரைத் தின்னவே இல்லை.

புரட்டாசியில் ஓ.பி. திறந்தது. டாக்டர் பார்த்தார், அவசரம் என்று எழுதினார். அவசரத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. டியூப் விடுகிறதற்கு முன்னால் கொரோனா டெஸ்ட் எடுக்க வேண்டும். அந்த ரிசல்ட் மூன்று நாளைக்குத்தான் செல்லும். சாம்பிள் எடுத்த நாளிலிருந்து மூன்று நாள். ரிசல்ட் வருவதற்கு நாலு நாள் ஆனது.

"நெகட்டிவ்னு வந்துருக்கு பாருங்க சார்" என்று கவுண்டரில் போனை நீட்டினாள் சிவரஞ்சனி. கல்யாணமான ஒரே மாசத்தில் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைய வந்திருந்தாள்.

"நேத்தோட முடிஞ்சுருச்சேம்மா."

"ரிசல்ட்டே இன்னைக்குத்தான சார் வந்துச்சு?"

"அது சரி. ஆனா டெஸ்ட்டு திங்கக்கிழமை எடுத்துருக்காங்க. மறுபடி எடுத்துட்டு வாங்க."

"மறுபடியும் நாலு நாளுதான ஆகும்?"

"சீக்கிரம் குடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க."

இரண்டு தடவை வெறும் வயிறோடு வந்து இரண்டு தடவை திரும்பினார்கள். வெறும் வயிறு என்பது அவருக்கு இனி தனியாக இருக்க வேண்டிய விரதம் இல்லை. இரண்டாவது தடவை பஸ்ஸில் திரும்பும்போது, அவர் முழுப் பாரமும் அமுதவல்லியின் தோளில் சாய்ந்திருந்தது. பாரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் இரண்டு மணங்கு அரிசி வடிக்கிற அண்டாவைத் தனி ஆளாகக் கவிழ்த்த மனுஷன்.

மூன்றாவது தடவை ரிசல்ட் மூன்றாம் நாளே வந்துவிட்டது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஐப்பசிக் கடைசியில், மார்ச் இருபத்தாறில் விட வேண்டிய டியூப்பை விட்டார்கள். அது பாதித் தூரம்தான் போனது. அதற்கு மேல் நுழைய இடமில்லை. ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். புற்று என்று வந்தது.

சேதி கேட்டுச் சிவசாமி ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். நாகராசுவைப் பார்த்துக் கண் கலங்கினார். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"என்ன தங்கச்சி நீங்க. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருந்தா நாங்க என்ன பொண்ணு வேணாம்னா போயிருப்போம்?"

அமுதவல்லி அவரையே பார்த்தாள். அன்றைக்குப் பாதி வழியில் நின்ற பஜ்ஜியை அவள் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு, தாலி ஏறி மூன்று மாசத்துக்கு அப்புறம், இந்த மனுஷனுக்கு இவ்வளவு பெரிய மனசு வந்திருக்கிறது.

"போயிருப்பீங்கண்ணே" என்றாள். "பஜ்ஜிய முடிச்சுட்டுப் போயிருப்பீங்க."

சிவசாமி வண்டியை எடுத்தார்.

கார்த்திகையில், மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரசாந்த் என்று ஒரு சின்ன டாக்டர். இருபத்தாறு இருபத்தேழு வயசு இருக்கும். நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்ற அமுதவல்லியையும் சிவரஞ்சனியையும் வார்டு மேசைக்கு எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஆபரேஷன் பண்ணும் கட்டம் தாண்டிவிட்டது. உணவுக்குழாயில் கம்பிவலைக் குழாய் ஒன்று வைக்கலாம். அது வழியாகத் தண்ணி, கஞ்சி போகும். நோய் போகாது.

"தண்ணி போகுமா?" என்று கேட்டாள் அமுதவல்லி. நாலு நாளாக எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தார் நாகராசு.

"போகும்மா. இதுல கையெழுத்துப் போடுங்க." டாக்டர் பாரத்தைத் தள்ளினார். பிறகு, கேட்காமல் இருக்க மனசு வராமல், உண்மையான வருத்தத்தோடு கேட்டார். "ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க? ஒரு ஆறு மாசம் முன்னாடி வந்துருந்தா ஏதாச்சும் செஞ்சு பாத்துருக்கலாமே."

சிவரஞ்சனி கேஸ் ஷீட்டின் மேல் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது.

"என்னத்தா எழுதிருக்கு?"

"நோயாளி தாமதமா வந்தார்னு எழுதிருக்கும்மா."

அமுதவல்லி எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது.

"யாரு லேட்டு? நாங்களா லேட்டு? மார்ச்சு இருபத்தாறு காலையில எட்டு மணிக்கு இந்தா, அந்த ரூமு வாசல்ல நின்னோம். போலீசுக்காரனுக்குப் பயந்து நான் பாதி ரோடு நடந்து வந்தேன். பூட்டு தொங்குச்சு. பன்னெண்டு நாளு போனு அடிச்சேன். ஓ.பி. தொறந்த அன்னைக்கு மொதச் சீட்டு எங்க சீட்டு. ஒங்க டெஸ்ட்டு மூணு நாளுல செத்துப்போகுது, ரிசல்ட்டு நாலாம் நாளு பொறக்குது. அது லேட்டு இல்ல, நாங்கதான் லேட்டு! எழுதுறீங்களே சார், கை கூசல?"

"அம்மா, கொஞ்சம் உக்காருங்க. அது வழக்கமா எழுதுறது. யாரையும் குத்தம் சொல்லல..."

"குத்தம் சொல்லலையா? அவரு செத்தப்பறம் இந்தக் காயிதந்தான சார் பேசும்? நாளைக்கு எவனாச்சும் எடுத்துப் பாத்தா, காட்டுப் பயலுக, நோவ வச்சுக்கிட்டு வீட்டுல கெடந்து, முத்துனப்பறம் தூக்கிட்டு வந்துருக்காய்ங்கன்னுதான சொல்லுவான்?"

சத்தம் கேட்டு அடைக்கலமேரி உள்ளே வந்தாள். கொரோனா வார்டிலிருந்து திரும்பியிருந்தாள். அவளுக்கே நோய் வந்து போய், ஆள் பாதியாகியிருந்தாள். அமுதவல்லியை அடையாளம் தெரிந்தது. நோட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினாள்.

"அம்மா... ஜூன்ல நான் கூப்புட்டேன். நல்லா சாப்புடுறாருன்னு நீங்களே சொன்னீங்க. இந்தா எழுதிருக்கேன். மூணாவது லிஸ்ட்டு. அன்னைக்கு நெசத்தச் சொல்லிருந்தா மொத லிஸ்ட்டுல போட்டுருப்பேன். மொத லிஸ்ட்டுக்காரங்கள நாங்க பாத்தோம்மா. மழைக்கோட்டு மாட்டிக்கிட்டுப் பாத்தோம்."

சிவரஞ்சனி அம்மாவின் கையைப் பிடித்தாள். எந்த நாளில் அந்தப் போன் வந்தது என்று அவளுக்கும் தெரியும். கதவோரம் நின்று கேட்டவள்தானே.

அமுதவல்லி மகளின் கையை விலக்கினாள். குரல் இறங்கவில்லை.

"ஆமா. சொன்னேன். பொய் சொன்னேன். எம்புள்ளையப் பாக்க வந்தவங்க எதுக்க உக்காந்துருந்தாங்க, சொன்னேன். மறுநாளே மாத்திச் சொல்ல அடிச்சேன், கேக்க ஆளில்ல. அதையும் எழுதுங்க. நான் சொன்ன பொய்ய எழுதுங்க, ஒங்க பூட்ட எழுதுங்க, அந்த நாலு நாளு டெஸ்ட்ட எழுதுங்க. எம் பங்கு என்னமோ அது எனக்கு. அத நான் தூக்கிக்கிட்டுப் போறேன். மொத்தத்தையும் எந்தலையில வச்சு அனுப்பாதீங்க."

பிரசாந்த் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டார். "எழுதுனா அவருக்கு ஒண்ணும் மாறப்போறதில்லம்மா."

"மாறாதுன்னு எனக்குத் தெரியாதா? எழுதுங்க."

டாக்டர் அடைக்கலமேரியைப் பார்த்தார். அடைக்கலமேரி நோட்டை அவர் பக்கம் நகர்த்தி, ஜூனில் போன் பேசிய நாளின் மேல் விரலை வைத்தாள். பிறகு அவளாகவே பக்கங்களைப் பின்னால் தள்ளி, மார்ச் இருபத்தாறு என்று இருந்த பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். அதில் நாகராசுவின் பெயரும், பெயருக்கு எதிரில் 'திருப்பி அனுப்பப்பட்டார்' என்று அவள் கையெழுத்திலேயே ஒரு வரியும் இருந்தது.

டாக்டர் மேல் தாளில் இருந்த வரியை அடித்தார். கீழே எழுதத் தொடங்கினார். மழை ஜன்னல் வழியாகத் தரையில் தெறித்துக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டிலில் நாகராசு கிண்ணத்தைப் பிடித்தபடி, ஏதோ சண்டை என்று மட்டும் புரிந்து, வேண்டாம் என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"படி ஆத்தா."

சிவரஞ்சனி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். மார்ச் வந்தது. ஜூன் வந்தது. அங்கே நிறுத்தினாள்.

"நிறுத்தாத. நான் சொன்னது இருக்கா?"

"இருக்கும்மா. மனைவி தவறான தகவல் தந்தார்னு இருக்கு."

"பூட்டியிருந்துச்சுன்னு?"

"இருக்கு."

"நாலு நாளு?"

சிவரஞ்சனி தாளை மேலும் கீழும் பார்த்தாள். "அது இல்லம்மா."

அமுதவல்லி விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, டாக்டருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அதையும் போடுங்க சார்," என்றாள். "நான் இருக்கேன்."